எழுத்தில்லாத கடைசிப் பக்கம்

கையில் வாழைக்கறை இருந்தது என்பதற்காக ஒரு சின்னப் பெண்ணைக் கோடை விடுமுறை முழுக்க வகுப்புச் சன்னலுக்கு வெளியே நிற்க வைத்தவன் நான். அந்தக் கறை கழுவினால் போகாது என்று எனக்குத் தெரியும். காய்ந்துவிட்டால் தாளில் ஒட்டாது என்றும் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இப்போது இதைக் கிளறிவிட்டது தேனியில் ஒரு புத்தகக் கடை. சென்னையில் இருக்கும் என் மகள் போனில் சொல்லியிருந்தாள்: "அப்பா, மே மாசம் பிள்ளைங்க அங்கதான். செல்போனைப் பிடுங்கி வச்சுட்டு நீங்க கதை வாசிச்சுக் காட்டுங்க. நல்ல படப் புத்தகமாப் பாத்து வாங்கி வைங்க." வேலை பார்த்த காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாசித்தவன். பேரப்பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று போனேன். பாதிப் பகல் போய்விட்டது. முட்டி வலிக்க ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தேன். கண்ணுக்கு அழகாக இருக்கும் சில புத்தகங்கள் வாயில் புரள்வதில்லை. இரண்டாவது பக்கத்திலேயே மூச்சு வாங்குகிறது. இன்னும் சிலவற்றில் கதை முடிந்த பிறகும் விடாமல் ஒரு நீதியைக் கொண்டுவந்து ஆணி அடித்திருக்கிறார்கள். அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். நீதி சொல்வதில் எனக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் கூச்சம் உண்டு.

கடைக்காரப் பெண்ணுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கத்தை விரலால் தேய்த்துக் காட்டினாள். "இத எடுத்துக்கங்க சார். பிள்ளைக சோத்துக் கையோட தொட்டாலும் ஈரத் துணியில துடைச்சாப் போயிரும். கறையே புடிக்காது."

வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தேன். புது மையின் வாசனை. அதற்கு அடியில், அங்கே இல்லாத ஒரு வாசனையும் எனக்கு வந்தது. பாச்சை உருண்டை.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கூடம் உத்தமபாளையத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் இருந்தது. பெயர் வேண்டாம். அந்த ஊரில் விடியும் முன்பே பெண்கள் பாதிப் பேர் ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்விடுவார்கள். மீதிப் பேர் வாழைத் தோட்டத்துக்கு. விடுமுறையில் பிள்ளைகள் வாய்க்கால் பக்கம் திரியாமல் இருக்க, பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்துக் கதை வாசித்துக் காட்டுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். ஒரு தகரப் பெட்டி நிறையப் படப் புத்தகமும் வந்தது. நான் அதற்கு முன் அப்படிப்பட்ட புத்தகங்களைப் பார்த்ததில்லை. அவற்றை இரும்பு பீரோவில் அடுக்கி, பாச்சை உருண்டை போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பேன். வீட்டிலேயே சத்தம் போட்டு ஒத்திகை பார்ப்பேன். மனைவி அடுப்படியிலிருந்து, "ஆட்டுக்குட்டி என்ன, மேடையில நின்னு ஓட்டா கேக்குது?" என்பாள். உண்மைதான். என் ஆட்டுக்குட்டி, காக்கை, கிணறு எல்லாமே பட்டிமன்றத்தில் பேசுகிற குரலில்தான் பேசின. பிள்ளைகள் அதையும் ரசித்தார்கள்.

உள்ளே வருவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. எல்லோரும் கையை விரித்துக் காட்ட வேண்டும். ரேஷன் கடைக்காரர் மகன் மாம்பழச் சாறு ஒழுகும் கையோடு வருவான். என் கைக்குட்டையால் நானே துடைத்து, முன்வரிசையில் உட்கார வைப்பேன். அந்தச் சின்னப் பெண் ஒச்சம்மாள் நீட்டினால் மட்டும், "போய்க் கழுவிட்டு வா." அவளுக்கு அப்போது ஐந்தோ ஆறோ வயது. அம்மா வாழை இலை அறுக்கிறவள். காலையில் இவள் இலைக்கட்டுக்கு நார் எடுத்துக் கொடுத்துவிட்டு வருவாள். உள்ளங்கை, நகக்கண் எல்லாம் காய்ந்த கறுப்பு.

"கழுவிட்டேன் சார். சாம்பல் போட்டுத் தேச்சேன் சார்."

"இன்னும் நல்லாக் கழுவு."

அவள் அடிபம்புக்குப் போய் வருவதற்குள் நான் வாசிக்கத் தொடங்கியிருப்பேன். திரும்பி வந்து மறுபடி கையைக் காட்டுவாள். நான் கூடாது என்று தலையை அசைப்பேன். அதற்குப் பிறகு சன்னல்தான். சன்னல் அவள் தலைக்கு மேலே இருந்தது. கம்பியைப் பிடித்த விரல்கள் மட்டும் தெரியும்.

ஒருநாள் அவள் அம்மா வேலைக்கு நடுவிலேயே வந்தாள். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "சார், அது வாழக்கறை. என்ன போட்டாலும் போகாது. தோலு உரிஞ்சாத்தான் போகும். பிள்ளய உள்ள விடுங்க சார்" என்றாள்.

"புத்தகம் கவர்மெண்டோடதும்மா. நாளைக்கு ஆய்வுக்கு வந்தாக்க நான்ல பதில் சொல்லணும்?"

"எம்பிள்ளையும் கவர்மெண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளதான சார்?"

எரிச்சலில், விதி விதிதான் என்று ஏதோ சொன்னேன். அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளும் விரல்கள் கம்பியில் இருந்தன.

பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கதையைத்தான். உச்சிவெயிலில் ஒரு ஆட்டுக்குட்டியின் நிழல் காணாமல் போய்விடும். கிணற்றிடம் கேட்கும், காக்கையிடம் கேட்கும், புளியமரத்திடம் கேட்கும். கடைசிப் பக்கத்தில் எழுத்தே இல்லை, வெறும் படம். அதனால் அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு, புத்தகத்தை அவர்கள் பக்கமாக விரித்து மெதுவாக ஒரு சுற்றுக் காட்டுவேன். வகுப்பே கைதட்டிச் சிரிக்கும். அந்த நேரம் மட்டும் சன்னல் கம்பியில் விரல்கள் விட்டு விட்டுத் தெரியும். வெளியே குதித்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் பீரோவைத் திறந்து காட்டினேன். "பாருங்க சார், ஒரு கறை இல்ல." அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஒச்சம்மாள் எட்டாவதோடு நின்றுவிட்டாள். என்னால்தான் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அதிலும் எனக்கு ஒரு பெருமை வந்து சேர்ந்துவிடும். புத்தகங்கள் என்னவாயின என்றால், ஒரு மழைக்காலம் முடிந்து பீரோவைத் திறந்தபோது அட்டைகள் மட்டும் வரிசையாக நின்றன. உள்ளே செம்மண். சுவரோரம் ஏறி வந்த கரையானுக்குப் பாச்சை உருண்டை ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

தேனிக் கடையில் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்தது போக இன்னும் மூன்று புத்தகங்கள் எடுத்தேன். சின்னமனூர் மார்க்கெட் பக்கம் ஒச்சம்மாள் இலைக்கடை வைத்திருப்பது எனக்குத் தெரியும். போன வருடம் ஒரு விசேஷத்துக்கு இலை வாங்கப் போனபோது அவளாகவே அடையாளம் கண்டு, "கத சார்தான நீங்க?" என்று கேட்டாள். யாரென்று தெரியாதவன் போல் சிரித்துவிட்டு வந்தவன்தான் நான்.

இந்த முறை கடைக்குப் போனதும், "ஏத்தா, சார் வந்திருக்காக, அந்த ஸ்டூல எடு" என்று மகளிடம் சொன்னாள். தன்ஷிகா என்று பெயர், ஐந்து வயதிருக்கும். "எத்தன கட்டு சார்?" என்று கேட்டாள் அம்மா.

இலைக்கு வரவில்லை என்றேன். எதற்கு வந்தேன் என்பதை நின்றுகொண்டே சொன்னேன். வழியெல்லாம் தயார் செய்த வாக்கியங்கள் இருந்தன, ஒன்றும் வரவில்லை. "அன்னிக்கு உன்ன வெளிய நிறுத்துனது தப்பும்மா. தெரிஞ்சேதான் செஞ்சேன்" என்று மட்டும் வந்தது. அவள் இலைக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தவில்லை.

"அது கெடக்கட்டும் சார். ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. அந்த ஆட்டுக்குட்டி கதையில கடேசில என்ன சார் படம் இருந்துச்சு? எல்லாப் பயகளும் சிரிச்சாய்ங்க. வெளிய வந்ததும் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொன்னாய்ங்க."

வாயைத் திறந்தேன். கிணறு நினைவில் இருந்தது, காக்கை இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. படம் எப்போதும் பிள்ளைகள் பக்கம் திரும்பியிருந்தது. எழுத்தில்லாத பக்கத்தில் எனக்கு வேலையும் இருக்கவில்லை.

"ஞாபகம் இல்லம்மா."

"நீங்கதான சார் வாசிச்சீக?"

"அந்தப் பக்கத்துல எழுத்து இல்ல. நான் பாக்கல போல."

அவள் சிரித்துவிட்டாள். "அடப் போங்க சார்! அப்ப அந்த வகுப்புல பாக்காதது நாம ரெண்டு பேருந்தானா?"

"எனக்குத் தெரியுமே" என்றாள் தன்ஷிகா. "நெழலு அவுக அம்மாகிட்டப் பால் குடிக்கப் போயிருந்துச்சு. சாயங்காலம் வந்துரும்."

"நானாச் சொல்லி வச்சது சார். கத சொல்லலன்னா தூங்கமாட்டேங்குறா."

நான் கொண்டுபோன புத்தகம் ஒன்றைப் பிரித்தேன். குழந்தை கையை நீட்டினாள். ஒச்சம்மாள் சட்டென்று, "ஏய்! கையக் கழுவிட்டு வா. புதுப் புஸ்தகம்" என்றாள்.

"வேணாம்மா. இது துடைச்சாப் போயிருமாம்."

"வாழக்கறைக்கு அதெல்லாம் ஆகாது சார்."

குழந்தை தண்ணீர் டிரம்முக்கு ஓடிப் போய்த் திரும்பி வந்து, என் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தக் கைகளை அப்படியே பக்கத்தின் மேல் எடுத்து வைத்துவிட்டு வாசித்தேன்.

அந்த வகுப்பறையை இடித்துவிட்டார்கள். அடிபம்பும் இல்லை. இப்போது ஊரில் விடியுமுன் ஜீப் போனால், விடிந்ததும் ஆங்கிலப் பள்ளி வேனும் கிளம்பிவிடுகிறது. அன்று முன்வரிசையில் இருந்தவர்களில் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, அந்தக் கடைசிப் படம் என்னவென்று கேட்டேன். ஒருவன் நிழல் கிணற்றுக்குள் இருந்தது என்றான். இன்னொருவனுக்கு அப்படி ஒரு கதை வாசித்ததே நினைவில்லை.

போன வாரம் மறுபடி சின்னமனூர் போனேன். நான் கொடுத்துவிட்டு வந்த புத்தகங்களைக் காணோம். எங்கே என்று கேட்டேன். ஒச்சம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஆணியில் தொங்கிய பாலித்தீன் பையை இறக்கினாள். மூன்றும் அதற்குள் இருந்தன, வாயைக் கட்டி வைத்திருந்தாள். பையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி எனக்குக் காட்டினாள்.

"பாருங்க சார், ஒரு கறை இல்ல."