இளையவள் படித்த பள்ளிக்கூடம்

மூத்த மகளுக்கு ஐந்து வயது முடிந்ததும் பள்ளிக்கூடம் பார்க்கத் தொடங்கினோம். அவளுக்குப் பின் பிறந்த இரட்டைப் பையன்களுக்கு அப்போது இரண்டு வயது. ஒருவனைத் தூக்கினால் மற்றவன் தெருவுக்கு ஓடுவான். அவனைப் பிடிக்கப் போனால் இடுப்பில் இருப்பவன் நழுவி இறங்குவான். எங்கே நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்பதைவிட, எங்கே என்னால் போய் வர முடியும் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

செம்பட்டி சாலையில் ஒரு புதுப் பள்ளி. எனக்கு அது பிடித்திருந்தது, அல்லது பிடித்ததாகச் சொல்லிக்கொண்டேன். ஆனால் வேன் எங்கள் தெருவுக்குள் வராது. பையன்கள் தூங்கி எழும் நேரத்தில் மெயின் ரோட்டில் போய் நிற்க வேண்டும். இன்னொரு பள்ளி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். பார்க்கப் போன அன்று கேட்டை மூடிவிட்டார்கள். ஆட்டோவுக்குள் வெக்கை தாங்காமல் இருவரும் மாறி மாறி அழுதார்கள்.

வீடு திரும்பியதும் கணவர் மெதுவாகக் கேட்டார்: "அடுத்த தெருவுல ஒரு ஸ்கூல் இருக்கு. இதுக ரெண்டையும் வச்சுக்கிட்டு அம்புட்டு தூரம் எதுக்கு அலையுற?"

காரணம் அவருக்குத் தெரியும். நானும் இரட்டையில் ஒருத்தி. எனக்குப் பின்னால், ஒரு டம்ளர் காப்பி குடிக்கும் நேரம் கழித்துப் பிறந்தவள் என் தங்கை. அந்தப் பள்ளியில்தான் இருவரும் ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். மழைக்காலத்தில் எங்கள் இருவருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்கு விட்டது. அவளுக்கு விடவில்லை.

மறுபடி பள்ளிக்குப் போனபோது என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரு கணம் எனக்குப் பின்னாலும் பார்த்தார்கள். பிறகு ஊரே அப்படிப் பார்த்தது. அம்மா இன்றைக்கும் மார்க்கெட்டுக்கு அந்தத் தெருவைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டுதான் போகிறாள். பையன்களில் ஒருவன் உள்ளே தூங்க, மற்றவன் தனியாக வாசலில் நின்றால், போய்த் தூங்குகிறவனை எழுப்பிவிடுவேன். இருவரையும் ஒன்றாகப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

கடைசியில் போனேன். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ள, கணவர் பையன்களை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டார். சுவர்களுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். மைதானத்திலிருந்து மலைக்கோட்டை தெரிந்தது. அலுவலக அறைக்கு வெளியே நாற்காலியில் வயதான சிஸ்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எங்களுக்கு அ, ஆ சொல்லித் தந்தவர்.

அவர் பையன்களைப் பார்த்தார். பிறகு என்னை.

"ஏம்மா, நீ இங்க படிச்ச ரெட்டைப் பிள்ளைகள்ல ஒருத்திதான? மூத்தவளா, இளையவளா?"

"மூத்தவ, சிஸ்டர்."

"உங்க ரெண்டு பேரையும் பேர் மாத்தித்தான் கூப்பிடுவேன். தங்கச்சி இப்ப எங்க இருக்கா?"

அவருக்கு நினைவில்லை. எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்த மனுஷி. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"இங்கதான், சிஸ்டர்."

"நல்லது. ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருக்கீங்க," என்று சிரித்தார். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது மகள் நடப்பதை நிறுத்திவிட்டாள். "அம்மா, ஒனக்குத் தங்கச்சி இருக்காங்களா?"

அதுவரை பிள்ளைகளிடம் சொன்னதில்லை. இருந்தாள், ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்றேன். மகள் பயப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நீ யாரு பக்கத்துல உக்காந்த?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. யாரும் உட்காரவில்லை என்று சொன்னேன். ஆசிரியர்கள் என்னை இடம் மாற்றவில்லை, பிள்ளைகள் பக்கத்தில் வரவில்லை. வருஷம் முடியும்வரை பெஞ்சின் ஓரத்தில் மட்டும் உட்கார்ந்து, மீதியை அவளுக்கு விட்டு வைத்திருந்தேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழும் என்னைப் பார்த்து, கணவரின் தோளில் இருந்த பையன்கள் இருவரும் சேர்ந்து அழத் தொடங்கினார்கள். தெருவில் நின்று நாங்கள் செய்த ரகளையில் மகள் மட்டும்தான் நிதானமாக இருந்தாள்.

அவளை அங்கேயே சேர்த்தோம். பையன்களுடன் தினமும் நடந்து போய் விட்டுவிட்டு வருகிறேன். வகுப்பறைக்குள் மட்டும் இன்னும் போகவில்லை. சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒருநாள் துணிந்து போனேன். அவர் ஓய்வுக்காக வேறு ஊர் மடத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

விலாசம் தரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். என் தங்கை உயிரோடு இருப்பதாக நம்புகிறவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.