எனக்குப் போட்ட தழை

எங்கள் ஊரில் முதல் ஆயில் இன்ஜினைக் கிணற்றில் இறக்கியவன் நான். பூமித்தாய்க்கு ஆகாது, ஊற்று செத்துப் போகும் என்று சொன்னவர்களே பிறகு என் வாய்க்கால் ஓரம் வந்து நின்றார்கள். அரிசி மில் வைத்தவன் நான். கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவே, மலையடியை ஒட்டிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. கரண்ட் என்ற சொல்லே அங்கே வராத காலத்தில் நெல் அரைத்துக் காட்டினேன். ஓடைக்குக் குறுக்கே கல்பாலம் போட்டவன் நான். எத்தனையோ வெள்ளம் வந்து போய்விட்டது, ஒரு கல் அசையவில்லை. பள்ளிக்கூடம் என்று பார்த்தால், அரிச்சுவடி முடிந்ததும் மாடு பத்தப் போய்விட்டேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரியம் ஒன்று செய்தேன். இன்றைக்கு எங்கள் ஊரிலிருந்து ஏலமலைக்கு பஸ் ஏறுகிறதே, அந்த ரோடு. என்னைச் செத்தவன் என்று நினைத்து ஊரே காரியம் பண்ணிய வழி அது.

யுத்தம் முடிந்த சமயம். மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்தவர்கள் கூடிப் பேசி, ஏதாவது ஒரு பொதிப்பாதையை வண்டி போகும்படி அகலப்படுத்துவது என்று முடிவு செய்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பாதையா, வடக்கே இன்னொரு ஊர்ப் பாதையா என்பதுதான் கேள்வி. எங்கள் பாதை கிட்டம், ஆனால் செங்குத்து. “அதில் கழுதை ஏறும், சக்கரம் ஏறாது” என்று சொல்லிவிட்டார்கள். ரோடு வடக்கே போனால் எங்கள் ஊர் அதோடு முடிந்தது. பொதி இறக்குகிற பேட்டை போகும், சந்தை போகும், என் மில்லும் போகும். திங்கட்கிழமை மலை உச்சியில் ஏலக்காய் ஸ்டோரில் கூடி முடிவெடுப்பதாக ஏற்பாடு.

சக்கரத்தை ஏற்றிக் காட்டிவிடுவது என்று நான் கிளம்பினேன். பட்டாளத்தில் கழித்துப் போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை மதுரையில் வாங்கி வந்து, மில்லில் வைத்து நானே பிரித்து நானே பூட்டியிருந்தேன். தனியாகத்தான் போனேன். கூட ஒருத்தன் வந்தால், அவன் தள்ளிவிட்டான் என்று நாளைக்குப் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டேன். தோட்டத்து ஆட்கள் சனிக்கிழமை இறங்கித் திங்கட்கிழமைதான் ஏறுவார்கள். ஞாயிறு பாதை காலி. பின்னால் ஒரு படுதா, ஈயச்சட்டி, அரிசி, கருவாடு, ஸ்பேனர் மூட்டை. முதல் ஏற்றத்திலேயே பிளக் கரி பிடித்து நின்றது. வேட்டி முனையில் துடைத்து மாட்டினேன். அடுத்த வளைவில் பாறை இடித்து பெட்ரோல் டாங்கியின் மூடி நெளிந்தது. பெட்ரோல் கூப்பனுக்குக் கிடைத்த காலம். ஒவ்வொரு சொட்டும் மணக்க மணக்க ஆவியாகப் போவதைப் பார்க்க வயிறு எரிந்தது. பாதிக்கு மேல் ஏறிவிட்டேன். அப்போது பட்டென்று ஒரு சத்தம். செயின் அறுந்து பாம்பு மாதிரிப் பின்னால் கிடந்தது. வண்டி சறுக்கிப் பள்ளத்தை நோக்கி இறங்க, நான் குறுக்கே விழுந்து காலைக் கொடுத்து நிறுத்தினேன். எஞ்சின் எண்ணெய் கொட்டிப் பாறையெல்லாம் கறுப்பு.

பொழுது சாயும் முன்பே மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. யானை. சட்டி சாமானை அள்ளிக்கொண்டு, எட்டாத உயரத்தில் ஒரு பாறை மேல் படுதாவை விரித்துக்கொண்டேன். சோறு பொங்கத் தைரியமில்லை, பச்சை அரிசியை மென்றேன். விடிந்து இறங்கிப் பார்த்தால் வண்டியைச் சுற்றிப் புல்லெல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. பக்கத்திலேயே யானை போட்ட லத்தி, ஆவி பறந்துகொண்டிருந்தது. வண்டியைத் தொடவில்லை, என் நல்ல காலம்.

செயினுக்கு ஒரு கண்ணி அடிக்க வேண்டும். அதற்குக் கீழே பட்டறைக்குத்தான் போக வேண்டும். வெயில் ஏறினால் மிச்ச பெட்ரோலும் போய்விடும் என்று கொப்பு கொப்பாக ஒடித்து வண்டியை நன்றாக மூடினேன். எண்ணெய்க் கறை பட்ட சட்டையையும் என் தொப்பியையும் மேலே போட்டேன். செயினைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஓடை வழியே குறுக்கே இறங்கினேன். ஆசாரியின் துருத்தியை நானே ஊதி, கண்ணியை நானே அடித்து, வந்த வழியே திரும்பி ஏறினேன். உடம்பெல்லாம் கரி.

மூடின இடத்துக்குப் பக்கத்தில் வரும்போது அழுகைச் சத்தம். புதருக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். என் கண்ணை நம்ப முடியவில்லை. நான் இடுப்பளவு மூடிவிட்டுப் போன தழை, ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. உச்சியில் என் தொப்பி. முன்னால் மஞ்சள் பூசிய கல் ஒன்று. சுற்றிலும் சோற்று மூட்டையோடு தோட்டத்து ஆட்கள்.

எங்கள் பக்கத்து மலைப்பாதையில் யானையோ புலியோ அடித்து ஆள் செத்த இடம் என்றால், தாண்டுகிற ஒவ்வொருவரும் ஒரு கொப்பு ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். செத்தவன் யார் என்று தெரிய வேண்டியதில்லை. குவியல் கிடந்தால் போட வேண்டும், அவ்வளவுதான். இங்கே லத்தி கிடக்கிறது, மிதிபட்ட புல் கிடக்கிறது, பாறையில் கறுப்பாகக் கறை, மேலே என் சட்டை. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. குவியலுக்குள் கை விட்டுப் பார்க்க எவன் துணிவான்?

அழுதது யார் தெரியுமா? எங்கள் தெருவில் எனக்கு மதினி முறை ஆகிறவள், தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். வாய்க்கால் சண்டையில் என்னோடு பேச்சு வார்த்தை விட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

“பீத்திக்கிட்டே திரிஞ்சீகளே கொழுந்தனாரே! இனி ஊருக்குள்ள பீத்துறதுக்கு யாரு இருக்கா? எமனுக்கிட்டப் போயி இஞ்சின் வெக்கப் போயிட்டீகளா!”

“அழுகாத ஆத்தா,” என்றார் கங்காணி. “நல்ல மனுசன். கொஞ்சம் வாயி நீளம், அம்புட்டுத்தான். மேல போற ஆளுககிட்ட அப்பவே சொல்லி விட்டாச்சு. தோட்டக்காராக இந்நேரம் கேட்டிருப்பாக. ஆன வழி இதுன்னு இப்பத்தான் அவுகளுக்கும் புரியும்.”

நான் செத்ததுகூடப் பரவாயில்லை. யானை வழி என்ற சேதி மேலே போய்விட்டால் ரோடு வடக்கே போய்விடுமே! கத்திக்கொண்டு புதரை விட்டு வெளியே பாய்ந்தேன்.

கரி பூசின உடம்பு, கழுத்தில் இரும்பு மாலை, மேலுக்குச் சட்டை இல்லை. “ஏ யாத்தே!” என்று ஒரு சத்தம். சோற்று மூட்டைகள் உருண்டன. கங்காணி என்னையே பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து ஒரு மரத்தில் மோதினார். மதினி மட்டும் நகரவில்லை. கையில் அரிவாள்.

“கிட்ட வராதீக! காலக் காட்டுங்க!”

“என்ன மதினி இது, நான்தான்...”

“காலக் காட்டுங்கன்னேன்! ஏலே கங்காணி, கால் தரையில பாவுதான்னு பாரு!”

நான் வேட்டியைத் தூக்கிக் காலைத் தரையில் ஓங்கி மிதித்துக் காட்டினேன். முள் குத்தியது. “அம்மா!” என்றேன். அந்தச் சத்தத்தில்தான் அவள் நம்பினாள். நம்பியதும் வந்தது பாருங்கள் கோபம்.

“உசுரோடவா இருக்கீக? வீணா அழுதேனே பாவி! இதுக்குத்தானா மலையில வந்து ஒளிஞ்சு வெளையாடுறீக?”

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. குவியல் மேல் பாய்ந்தேன். அடுத்த அதிர்ச்சி அங்கேதான். கங்காணி ஓடி வந்து என் கையைப் பிடித்துவிட்டார்.

“எடுக்கக் கூடாதுய்யா! போட்ட தழையத் தொட்டா அந்தச் சாவு தொட்டவனுக்கு வந்து சேரும்.”

“செத்தது யாருய்யா? நான். எனக்குப் போட்டதுதானே?”

“செத்தவன் யாரும் வந்து எடுத்தது கெடையாதே! வழக்கம் இல்லையே!”

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மேலே கூட்டம் நடக்கிறது, கீழே என் வண்டி எனக்கே போட்ட தழைக்கு அடியில் கிடக்கிறது, இவர்கள் வழக்கம் பேசுகிறார்கள்! கடைசியில் மதினிதான் மூக்கைச் சிந்திவிட்டுத் தீர்ப்பு சொன்னாள்.

“அவுகளுக்குப் போட்டது. அவுகளே எடுத்துக்கிடட்டும். வேற ஒரு கை படக் கூடாது.”

ஒரு கை படவில்லை. அத்தனை கொப்பையும் நான் ஒருத்தனே இழுத்துப் போட்டேன். கையெல்லாம் கிழிந்தது. செயினை மாட்டினேன். டாங்கியை ஆட்டிப் பார்த்தால் அடியில் கொஞ்சம்தான் சலசலத்தது. உதைத்தேன், உதைத்தேன், வண்டி எழும்பவில்லை. பிளக்கைக் கழற்றி ஊதி மறுபடி மாட்டி உதைத்தேன். எழும்பியது. ஜனங்கள் மறுபடியும் சிதறி ஓடினார்கள்.

உச்சிக்குப் போனபோது ஸ்டோர் வாசலில் தோட்டக்காரர்கள் எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். எனக்காகத்தான்! ஒருவர் “துணிச்சலான மனிதர்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அங்கே கணக்கெழுதிய மலையாளத்துக்காரர், “ஐயோ, மரிச்சுப் போயி எந்நு பறஞ்ஞ ஆளல்லே!” என்று உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். வயதான தோட்டக்காரர் ஒருவர் மட்டும் பக்கத்தில் வந்தார். என்னைத் தொட்டுப் பார்க்க யோசித்து, எஞ்சினைத் தொட்டார். சுரீரென்று கையை இழுத்துக்கொண்டார்.

“வடக்குப் பாதைன்னு இப்பத்தானய்யா பேசி முடிச்சோம்.”

“முடிச்சத அவுத்துருங்க. சக்கரம் உங்க வாசல்ல நிக்குது. ஆன பக்கத்துலயே வந்தும் ஒண்ணும் பண்ணல.”

அவர் சூடு பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தார். ரோடு எங்கள் பக்கம் என்று அப்போதே அங்கேயே முடிவாயிற்று.

பிறகு ரோடு வந்தது, பஸ்ஸும் வந்தது. மில்லே கதி என்று கிடந்தவன், போன மாதம்தான் முதல் முறையாக அந்த பஸ்ஸில் ஏறினேன், கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு. பாதி மலையில் பக்கத்து சீட்டுப் பெண் ஒரு கொப்பை என் கையில் திணித்தாள்.

“பெரியவரே, சன்னல் வழியாப் போடுங்க. மோட்டார் சைக்கிள்ல வந்த யாரோ ஒரு ஆள ஆன அடிச்ச எடம் அங்கன வருது.”

“அந்த ஆளு நான்தாம்மா,” என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் முழுவதும் தழை போட்டது. நான் போடவில்லை.

மேலே இறங்கினால் திறப்பு விழாக் கல். நாடா வெட்டியவர், நிலம் விட்டவர், காண்ட்ராக்டர் என்று வரிசையாகப் பெயர்கள். தொட்டுத் தொட்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். அடி வரைக்கும் படித்தேன். நான் இல்லை. உயிரோடு இருக்கிறவனுக்குக் காட்டில் குவியல், ரோடு கொண்டு வந்தவனுக்குக் கல்லில் ஒரு வரி கிடையாது! இது எந்த ஊர் நியாயம்?

யாரிடமும் நான் தானம் கேட்கவில்லை. அந்தக் கல்லில் அடியில் இன்னும் இடம் இருக்கிறது, நானே பார்த்தேன். ‘இந்தப் பாதையில் முதன்முதலாகச் சக்கரம் ஏற்றியவர்’ என்று என் பெயரையும், என் தகப்பன் பெயரையும், ஊர்ப் பெயரையும் வெட்ட வேண்டும். நான் கண்ணால் பார்க்கும்போதே வெட்ட வேண்டும்.