கண்மாய்த் திட்டு மிளகாய்

சுத்திலும் கடல். தீவுல வந்து கிடக்கிறது போதாதுன்னு, தீவுக்குள்ள இருந்த தண்ணிக்கு நடுவுல இன்னொரு தீவைத் தேடிப் பிடிச்சாரு என் வீட்டுக்காரர். கட்டிக்கிட்ட மனுசனைப் பத்தி இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல.

சிப்பிகாட்டுல தோட்ட வேலைக்கு வந்தவரு அவரு. அறுபதுகளோட ஆரம்பம். ரெண்டு மேட்டுக்கு நடுவுல ஓடின ஓடைக்குக் குறுக்க கரை போட்டுத் தண்ணியைத் தேக்கியிருந்தாங்க. மத்தவங்க எல்லாம் ஹிந்தியில தாலாப்னு சொல்லுவாங்க. நாங்க ராமநாதபுரத்துப் பக்கம், எங்களுக்கு அது கண்மாய்தான். நடுவுல முங்காம நின்ன மேடு திட்டு.

வெள்ளைக்காரன் கைதிங்களைக் கப்பல்ல கொண்டாந்து அடைச்ச காலத்துல அந்த மேட்டுல நெல்லுக்குக் காவல் குடிசை இருந்துச்சாம். ஜப்பான்காரன் வந்தப்போ அங்கேயே குழி தோண்டிப் பதுங்கினானாம். நான் பார்த்தப்போ அந்தக் குழியில உடும்பு குடியிருந்துச்சு. ஓரமெல்லாம் தாழம்புதர், உச்சியில ஒரு படாக் மரம், அதோட பொந்துல சிறகி வாத்து முட்டை போடும். மண்ணு மட்டும் நல்ல கறுப்பு மண்ணு. அதுதான் அவரு கண்ணுல பட்டுத் தொலைச்சுச்சு.

எங்க பொண்ணுக்கு அப்போ ரெண்டு வயசு. வந்த முதல் மழையிலேயே மலேரியா வந்து பிழைச்சதே பெரும்பாடு. பயந்துபோய் பரமக்குடியில என் அக்கா வீட்டுல விட்டுட்டு வந்தோம். "நிலம் நம்ம பேருக்கு ஆகட்டும், ஒரு வீடு நிக்கட்டும், பிள்ளையைக் கூட்டியாந்துரலாம்"னு சொல்லுவாரு. நிலம் எங்க ஆகுறது? விளைச்சலைக் காட்டினாத்தானே பட்டா? போட்ட மிளகா, கத்திரி அத்தனையும் மான் மேய்ஞ்சிரும். வெள்ளைக்காரன் வேட்டையாடக் கொண்டாந்து விட்ட புள்ளிமான். அவன் போயிட்டான், அது பெருகிருச்சு. புலியா நரியா, இங்க அதை அடிக்க என்ன இருக்கு?

ரெண்டாந்தடவையும் தின்னுட்டுப் போனப்போ எனக்கு வந்துச்சே ஆத்திரம். "இன்னொரு தடவை மான் தின்னா, மறுகப்பல்ல மெயின்லேண்டு. என் பிள்ளைகிட்ட நான் போயிருவேன்"னேன். சரின்னு முருகன் படத்துல கை வச்சு ஒத்துக்கிட்டாரு. அப்புறந்தான் திட்டுல மிளகா நடுறேன்னு மூங்கில் தெப்பம் கட்ட ஆரம்பிச்சாரு.

"தண்ணியைத் தாண்டி மான் எப்படிடீ வரும்?"

நம்ம ஆளுக அத்தனை பேரும் ஆமாம் போட்டாங்க. எங்க ஊர்ல கண்மாயில தண்ணி நிக்கிறதே நாலு மாசம். அதுல மான் நீந்தி யாரு பார்த்தா? நானுந்தான் நம்பினேன். வேலை பாதி என் தலையில. தெப்பத்துல போய் நாத்து நட்டு, களை எடுத்து, குடம் குடமா தண்ணி ஊத்தினேன். செடி பூத்துக் குலுங்குச்சு.

ஒருநாள் காலையில பாத்திரம் கழுவக் கரைக்குப் போனேன். தண்ணியில ஏதோ தலை தலையா போகுது. நாய்னு நினைச்சேன். முன்னால போனதுக்குக் கொம்பு இருந்துச்சு. நேரா திட்டைப் பார்த்து நீந்துதுக. அடப்பாவிகளா, கடலைத் தாண்டி வந்த நாங்களே இப்படி நீந்த மாட்டோமே.

வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா போதும். மிளகா போயிருக்கும், மறுகப்பல்ல நான் பரமக்குடி போயிருப்பேன். அது எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? நல்லாத் தெரியும். ஆனா ஒவ்வொரு செடிக்கும் தண்ணி ஊத்தினது இந்தக் கை. குண்டானைக் கரண்டியால அடிச்சுக் கத்துன கத்துல மான் அத்தனையும் திரும்பிருச்சு. அவரு பதறி ஓடியாந்தாரு. அன்னைக்கே தாழம்முள்ளை வெட்டித் திட்டைச் சுத்தி வேலி போட்டாரு. மிளகா அப்படிக் காய்ச்சுச்சு. மகராசி, இவதான் காப்பாத்தினான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அதுக்கப்புறம் எங்க கிளம்புறது? இந்த வருசம், அடுத்த வருசம்னு இழுத்து, நிலம் பேருக்கு வந்து வீடு நின்னப்போ பிள்ளைக்குப் பத்து வயசு. கப்பல் வந்து நிக்கிற ஜெட்டிக்குப் போனோம். அக்கா புருசன் கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கி வந்தா. அக்கா பிள்ளைகளோட பிள்ளையா வளர்ந்தவ. கூச்சப்பட்டு நின்னு என்னை அண்ணாந்து பார்த்தா.

"நல்லா இருக்கீங்களா சித்தி?"ன்னு கேட்டா.