ஏழு வளவுக் கத்தரிக்காய்

சண்டையில் பாதை பூட்டிய காலம் அது. மலைநாட்டுக் காய்கறி லொறி எங்கள் கல்லடிக்கு வந்து மூன்று மாதமாயிருந்தது. சந்தையில் சொல்லும் விலைக்குத் தலை சுற்றியது. எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அடக்கிய வாய் குடியிருக்கும் ஒழுங்கையில் மட்டும் சும்மா கிடக்குமா? மற்ற ஆறு வீட்டாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்: அவரவர் வீட்டு வளவில் பயிர் போடுவது, வெள்ளிக்கிழமை பின்னேரம் என் மாமரத்தடியில் கொட்டிச் சமமாகப் பங்கு வைப்பது. கரையில் பிடித்த மீனைப் பங்காகக் கூறு வைக்கும் வழக்கம்தான். கூறு வைப்பவர் கடைசிக் கூறைத்தான் எடுக்கவேண்டும், அப்போதுதான் கை கோணாது.

எட்டாவது பங்கில்தான் இழுபறி வந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த ஒரு தங்கச்சி, இரண்டு பிள்ளைகளோடு எங்கள் ஒழுங்கையில் ஒற்றை அறையில் இருந்தாள். ஒரு சாண் நிலம் கிடையாது. ஏழு வளவுக்கும் தண்ணீர் ஊற்ற அவள்தான் ஒத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைகள் வெறும் சொதியோடு சோறு தின்பதைப் பார்த்து, பங்கு உண்டென்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"காணியில்லாத ஆளுக்கு என்ன பங்கு? பாவம், கையில கொஞ்சம் குடுத்தாப் போதும்" என்றார் ஒழுங்கை திரும்பும் முடக்கு வீட்டு மாமா.

"அவள் ஊத்தாட்டி உங்கட வளவில புல்லும் முளையாது, மாமா!" என்றேன்.

"பாப்பம். உங்கட பங்கு விளையாட்டு சரிவரட்டும், மறுகா கதைப்பம்."

காய் பறிக்கும் முதல் வெள்ளி வந்தது. முதலாவது வீட்டு ஓலைக் கடகத்தில் கத்தரிக்காய். இரண்டாவதிலும் கத்தரிக்காய். மற்றக் கடகங்களை நானே எட்டிப் பார்த்தேன். ஏழு கடகமும் கத்தரிக்காய்! என்னுடையதும்தான். காய்க்குமுன் என்ன போட்டோமென்று வாய்விட்டால் பிறர் நாவூறு பட்டுப் பயிர் கெடும் என்று ஏழு வீட்டாரும் கிடுகு வேலிக்குள் மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறோம்.

"எனக்குத் தெரியும், ரீச்சர்" என்றாள் தண்ணீர் ஊற்றும் தங்கச்சி மெல்ல.

"தெரிஞ்சும் ஏன் புள்ள வாயத் திறக்கல்ல?"

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத எண்டு ஏழு பேரும் சொன்னீங்க. நீங்க தலையில அடிச்சுச் சத்தியமே வாங்கினீங்க."

வாங்கித்தான் இருந்தேன். மாமா சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரி, முடிஞ்சுது விளையாட்டு. கலைவம்" என்று எழும்பினார்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் வாய் திறந்தாள். "மாமா, உங்கட பின்வளவில வெயில் விழாது, அதில கத்தரி வீண். கீரை போடுங்க. ரீச்சர்ர கிணத்தடி எப்பவும் ஈரம், அதுக்கு வல்லாரை..." ஏழு வளவையும் வேலி வேலியாகச் சொன்னாள். ஊரில் சொந்த வயல்வட்டையில் நெல் செய்தவள், தண்ணீர் ஊற்றும்போது மண்ணையும் படித்திருக்கிறாள். மாமா மறுபடி குந்தினார்.

"என்ட முன்வளவுக்கு?"

"பூசணி."

அன்றைக்கே முடிவாயிற்று. யார் எதைப் போடுவதென்று அவள் ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாகச் சொல்லுவாள். அப்படியென்றால் நாவூறும் படாது. அன்று எட்டாவது கூறை அவள் எடுத்தபோது ஒருவரும் தடுக்கவில்லை. கத்தரிக்காய்க்கு யார் சண்டை பிடிப்பது? அந்த மாதம் முழுக்கச் சட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினார் என் வீட்டுக்காரர்.

அடுத்த போகத்தில் மாமரத்தடியே கோயில் தேர்முட்டிச் சந்தை போலாயிற்று. கீரை, வெண்டி, பயற்றங்காய், பூசணி, இன்னும் என்னென்னவோ. அவள்தான் எட்டுக் கூறும் வைத்தாள். எல்லாரும் எடுத்தபின் தன்னுடையதை எடுக்கக் குனிந்தாள். மாமா தன் பையிலிருந்த பூசணித் துண்டைத் தூக்கி அவள் கூறின்மேல் வைத்தார்.

"பாவம், புள்ளைகள் தின்னட்டும்."

அவள் அதை எடுத்து, மண்ணைத் தட்டி, அவர் பையிலேயே திரும்ப வைத்தாள்.

"பாவத்துக்கு வேணாம், மாமா. என்ட பங்கு இந்தா கிடக்கு."

மாமா பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தார்.

"ஓம் புள்ள, அது உன்ட பங்குதான்" என்றார். பிறகு குனிந்து அவளிடம் காதைக் கொடுத்தார். "அடுத்ததுக்கு நான் என்ன போட?"

நானும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். பாவி, ஒரு சொல்லும் எனக்குக் கேட்காமல்தான் சொன்னாள்.