எல்லா விரிசலும் ஒரே அகலம்

இன்று பேகம்பேட் ஆபீஸில் மீட்டிங்.

பூமிக்கு அடியில் சூடாகக் கிடக்கும் கருங்கல்லுக்குள் ஒரு கிணறு வழியாகத் தண்ணீரை விட்டு, இன்னொரு கிணறு வழியாகச் சூடாக எடுப்பது எங்கள் திட்டம். நடுவில் இருக்கும் விரிசல்களைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, எத்தனை வருடம் சூடு கிடைக்கும் என்று பார்ப்பது என் வேலை.

என் மாடலில் முக்கால்வாசித் தண்ணீர் ஒரே ஒரு பெரிய விரிசலில் ஓடிவிடுகிறது. அதை ஒட்டிய பாறை சீக்கிரமே ஆறிப்போகிறது. படத்தில் சிவப்புக்கு நடுவே ஒரு நீலக் கோடு.

"இந்த நீலம் நக்கோம்மா," என்றார் மேனேஜர். சிகந்திராபாத்திலேயே வளர்ந்த தமிழர்; 'வேண்டாம்' அவர் வாயில் 'நக்கோ' ஆகிவிடும். "எல்லா விரிசலையும் ஒரே அகலமா வெச்சிடுங்க. தண்ணி பரவலாப் போகும், கிளையன்ட்டும் பயப்பட மாட்டாங்க."

"நிஜப் பாறை அப்படி இருக்காது சார். புரோகிராம் சரியா ஓடுதான்னு செக் பண்ணத்தான் அப்படி வைப்போம்."

"உள்ள போய் யாரும்மா பார்த்தது?"

அதற்குள் அவருக்கு போன். வீட்டில் போர்வெல் போடுகிறார்கள். இரண்டாவது இடத்திலும் வெறும் கல்தூள்தான் வருகிறதாம். எங்கள் முன்னாலேயே திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரரிடம் கத்தினார்.

"பக்கத்து வீட்ல தண்ணி கொட்டுது. பத்தடி தள்ளி நமக்கு ஒரு சொட்டு இல்ல. வெடிப்பு எல்லாம் அவங்க பக்கம்தான் போகுமா?"

போனை வைத்தார். என்னைப் பார்த்து, "ஒரே அகலம். சாயந்திரத்துக்குள்ள அனுப்பிடுங்க."

அனுப்பிவிட்டேன். படம் முழுக்கச் சிவப்பு.

அவர் வீட்டு காம்பவுண்டுக்கும் இதே மாடலை ஓட்டிப் பார்த்தேன். எங்கே தோண்டினாலும் தண்ணீர் வருகிறது. அதையும் அனுப்பட்டுமா, சொல்லுங்கள்.