ஷம்ஷாத் டீச்சரின் நாலு கிலோ

சென்ற வியாழக்கிழமை காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது செல்வி போன் செய்தார். எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். "சார், டீச்சரை பால் வேன் இடிச்சிடுச்சி. முடிஞ்சிபோச்சி சார். நான் ரோட்டுலதான் ஒக்காந்திருக்கேன்" என்றார். புவியியல் ஆசிரியை ஷம்ஷாத் பேகமும் செல்வியும் தினமும் விடியலில் சேர்ந்து நடப்பவர்கள்.

செஞ்சியில் ஒருவரின் சம்பளத்தைக் கேட்பது அநாகரிகம். உடம்பைக் கேட்பது அன்பு. பருத்த உடல்வாகு கொண்ட டீச்சருக்கு அந்த அன்பு தாராளமாகவே கிடைத்தது. "ராஜகிரிக் கோட்டை உச்சிக்கு ஒரு வாரம் ஏறி எறங்குங்க டீச்சர், எல்லாம் கரைஞ்சிடும்" என்றார் இயற்பியல் ஆசிரியர், தம் தொந்தியைத் தடவியபடி. "ஏறிடறேன் சார். கூட வந்து வழி காட்டுங்க" என்றார் டீச்சர். அன்றிலிருந்து இயற்பியல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் முட்டி வலியும் சர்க்கரையும் சேர்ந்துகொண்டன. நாற்காலியில் அமர்ந்து தொழ வேண்டியதாயிற்று. அதுதான் அவரை வருத்தியது. மெதுவாகக் கொஞ்சம் குறைத்தாலே போதும் என்று மருத்துவர் சொல்ல, டீச்சர் தமக்கு ஓர் இலக்கு வைத்துக்கொண்டார். "கிலோ கணக்கு வேணாம் சார். தொழுவும்போது என் நெத்தி தரையில படணும். அவ்ளோதான்."

நடந்தார். சோற்றில் ஒரு கரண்டி குறைத்தார். மாலை பஜ்ஜியை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ஒதுக்கினார். பிரியாணியை விடவில்லை. "விட்டா ஒரு மாசம் ஏங்கிட்டு, அப்புறம் ரெண்டு பங்கா சாப்புடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அடுத்த ரம்ஜானில் தரையில் தொழுதார். மறுநாள் ஆசிரியர் அறைக்குச் சுண்டல் கொண்டுவந்தார். அறை கேட்டது ஒரே கேள்வி: "எத்தினி கிலோ?" நாலு என்றார். "ஒரு வருஷத்துக்கு நாலா?" என்று சிரித்தபடியே சுண்டலைத் தின்று முடித்தோம். அடுத்த இலக்கு என்ன என்று கேட்டதற்கு, "எறங்குனது திரும்ப ஏறாம பாத்துக்கறதுதான்" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

எடை குறைக்கும் பவுடர் விற்பவர் ஒருநாள் அவரைச் சாலையில் மறித்தார். "மேடம், ஒரே மாசத்துல பத்து கிலோ எறக்கிடலாம்."

"அடுத்த மாசம் அது திரும்பி வந்தா, ஒங்க கடையில வெச்சிப்பீங்களா தம்பி?"

டீச்சரை அடக்கம் செய்த அன்று அவர் வீட்டு வாசலில் நின்ற ஊர், ஒரு மரணத்திலிருந்து கற்க வேண்டியதைக் கற்றுக்கொண்டது. "நடக்கப் போயிதான் பூட்டாங்க." "சுகரோட வீட்டுல இருந்திருந்தாகூட இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பாங்க." பவுடர்காரரும் வந்திருந்தார். "எங்ககிட்ட சேர்ந்திருந்தா ரோட்டுக்கே வந்திருக்க வேணாம்" என்று வருந்தினார். உண்மையிலேயே வருந்தினார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நடந்ததைச் செல்வி சொன்னார். பவுடர் கடையின் விளம்பரப் பலகை சாலையோர மண்பாதையை முழுதாக அடைத்து நின்றது. மெலிந்த பெண்ணின் படம். கீழே பத்து கிலோ வாக்குறுதி. அதைச் சுற்றிப் போகத்தான் டீச்சர் தார்ச்சாலையில் இறங்கினார். வேன் வேகமாகக்கூட வரவில்லை. ஊருக்கு அந்தப் பலகையில் ஒரு குறையும் தெரியவில்லை. நடந்தவர் மேல்தான் குறை. நானும் அந்தப் பலகையைத் தினமும் பைக்கில் கடந்தவன்தான்.

நேற்று விடியலில் செல்வியோடு நானும் போனேன். பலகை அதே இடத்தில் நின்றது, துடைத்துச் சுத்தமாக. கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன்.

"உள்ள வெச்சா யாரு சார் பாப்பாங்க?"

செல்வி பலகையை இரு கைகளாலும் தூக்கிக் கடைக்குள் கொண்டுபோய், படம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தார்.

"இன்னாம்மா பண்றே?"

"நடக்கறேன்" என்று சொல்லி, மண்பாதையிலேயே மேலே போனார்.

டீச்சர், அந்த இடத்தில் இன்றைக்கு ஓர் ஆள் நடக்க வழி இருக்கிறது. நாளைக்கும் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. காலையில் போய்ப் பார்ப்போம். எங்களுக்கு விடை கொடுங்கள்.