பலகையில் பச்சைப் பெயிண்ட்

லூசியான் மியோட்க் ஊராட்சியின் சாலைப் பணியாளர். செத்த நரியை ஓரத்துக்கு இழுத்துப் போடுவதற்குக்கூட முகம் சுளிக்காதவர். போலந்து அரசாங்கம், வடக்கே பேசப்படும் கஷூபிய மொழியை வட்டார மொழியாகச் சட்டத்தில் ஏற்று, ஏரிக்கரை ஊர்ப்பலகையில் போலிஷ் பெயருக்குக் கீழே கஷூபியப் பெயரையும் எழுதிய பிறகுதான் அவருக்கு அருவருப்பான வேலை ஒன்று வந்து சேர்ந்தது.

யாரோ கீழ்ப்பெயரை மட்டும் அழித்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை சாணி, ஒருமுறை தார். இந்த முறை கெட்டியான பச்சைப் பெயிண்ட். வெளியூர்ப் பொறுக்கிகள் என்று திட்டிக்கொண்டே, பெயிண்டைக் கரைக்கத் தின்னர் வாங்கப் பெரியப்பா மகன் அலோய்சி வீட்டுக்குப் போனார்.

லூசியானின் மனைவி டனூட்டா வூட்ச் நகரத்துக்காரி. அவளோடு போலிஷ்தான் பேச்சு. கஷூபியம் பேச அந்தத் தெருவில் அவருக்கு மிஞ்சியிருந்தவன் அலோய்சி ஒருவனே.

கொட்டகையில் அலோய்சியின் படகு புதுப் பச்சையில் மின்னியது. அவன் நகக்கண்ணிலும் அதே பச்சை.

"அண்ணே... நீயா?"

அலோய்சி மழுப்பவில்லை. "ஆமாடா, நான்தான். வார்சாவிலேர்ந்து வந்து நான் நடத்துற விடுதியில தங்குறவன், பலகையப் பாத்துட்டு 'இது ஜெர்மன்காரன் ஊரா'ன்னு கேக்குறான். எனக்கு மானம் போகுது. இதெல்லாம் ஒரு மொழியா? மாட்டுத் தொழுவத்துல பேசுறத ரோட்டுல எழுதி வைக்கணுமா?"

இதையும் அவன் கஷூபியத்தில்தான் சொன்னான். அட்சரம் பிசகாத, இருவரும் தொட்டிலில் கேட்ட அதே கஷூபியம். முன்பின் தெரியாதவன் செய்திருந்தால் லூசியானுக்குக் கோபம் வந்திருக்கும். இப்போது வந்தது குமட்டல்.

அவர் போலிஷுக்கு மாறினார். "ஐயா, தங்களிடம் தின்னர் இருந்தால் தாருங்கள்."

"டேய், என்னடா இது? எங்கிட்டயே ஐயாங்கற!"

"இல்லையென்றால் பரவாயில்லை, ஐயா. நான் வருகிறேன்."

கடையில் தின்னர் வாங்கி, கை எரிய எரியத் தேய்த்தார். அதற்குப்பின் பலகையை யாரும் தொடவில்லை. லூசியானும் அண்ணனிடம் ஒரு வார்த்தைகூடக் கஷூபியத்தில் பேசவில்லை.

இலையுதிர் காலத்தில் அலோய்சி புகையிட்ட விலாங்கு மீனோடு வாசலில் வந்து நின்றான். "போதும்டா தம்பி. ஏதாவது திட்டவாவது செய்யி, நம்ம பேச்சுல."

"மிக்க நன்றி, ஐயா. எங்களுக்கு மீன் வேண்டாம்."

கதவு சாத்தியதும் டனூட்டா பொரிந்தாள். "பாவம்ங்க. உங்களுக்குந்தான் பேச வேற ஆள் ஏது?"

"தெரியும். அவன் வாயில அந்தப் பேச்சைக் கேட்டா சோறு இறங்க மாட்டேங்குது."

ஏரி உறைந்திருந்த ஒரு காலையில் அண்ணனும் தம்பியும் ரொட்டிக்கடையில் எதிரெதிரே வந்தார்கள். அலோய்சி தொப்பியைத் தொட்டு, சுத்தமான போலிஷில், "வணக்கம், ஐயா" என்றான்.

லூசியானும் வணக்கம் சொன்னார். வெளியே வந்து பனியில் காறித் துப்பினார். வாயிலிருந்த கசப்பு போகவில்லை.